நான் தேய்த்து அழித்த கோடுகள்

சுமதி, அவளேதான், அந்த மேல் மாடிக்காரியேதான். துணியைப் பிழியாமலே மூங்கில் கம்பில் கோத்து வெளியே நீட்டிவிடுகிறாள். இங்கே தட்டில் காய்கிற என் மிளகாய் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. போய்க் கேட்டால் மழையாம். இந்த வெயிலில் மழை. நான் சண்டைக்கு நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டேன். வெயில் காய்கிற நேரத்தில் வந்த தண்ணீரால் ஒரு காலத்தில் என் வேலையே போகப் பார்த்தது. அதிலிருந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரிந்துகொள்ளாமல் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை.

உட்கார். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் இருக்கிறதில் உட்கார். நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறேன். இன்றைக்கு அமாவாசை, பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் ஆக வேண்டும்.

நேற்று படிக்கட்டில் நின்று சொன்னாயே, உன் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள் என்று. பாடத்தைப் பலகையில் எழுதிப் போடாமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்துகொண்டே அவர்கள் படித்துக்கொள்ள வேண்டுமாம், புராஜெக்ட்டாம். ஒரே சத்தம், பாடமும் முடியவில்லை, இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று அலுத்துக்கொண்டாய். கேட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புதிதா? இந்தத் தீவுக்குப் பாலம் கட்டி முடிவதற்கு முன்பே, எல்லாரும் ஃபெரி ஏறிப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே நான் பார்த்தாயிற்று. நான் டீச்சர் இல்லை, கூட்டிப் பெருக்கினவள். ஆனாலும் அந்தப் புராஜெக்ட்டில் நான் இருந்தேன். அதைக் கெடுத்தவளும் நான்தான்.

உங்கள் ஆசிரியர் சங்க மலரில் போட எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். எழுதிக்கொள். எனக்கு எழுத்து தெரியாது, கட்டைவிரல்தான். நான் பேசுவதை உன் தமிழில் நேராக்கிக்கொள். ஆட்கள் பேசியதை மட்டும் தொடாதே. அதை நேராக்கினால் அந்த ஆட்களே காணாமல் போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். தோணியிலிருந்து கரைக்கு ஒரு பலகை போட்டிருப்பார்கள். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் ஏறி வர வேண்டும். சில நாள் சிரித்த முகமாக வீட்டுக்கு வருவார், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வாங்கின நாசி கண்டார் சோறு ஒரு பொட்டலமும் கையில் இருக்கும். "இன்னைக்குப் பலக சமமா இருந்துச்சு புள்ள" என்பார். சில நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார், அன்றைக்குப் பலகை செங்குத்தாக நின்றதாம். பலகை போடுகிறவன் ஒரு நாள் ஒழுங்காகப் போடுகிறான், ஒரு நாள் கோணலாகப் போடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்டதே இல்லை. அவர் காய்ச்சலில் போனபோது எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்குப் பால் பல்லே விழவில்லை. அந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நீங்கள் எல்லாம் கல்லூரியில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் படிக்கிறீர்கள். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெரியவர் எனக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் மணி. இரண்டாம் நாள் சாவி. மூன்றாம் நாள் கால்வாய். என் படிப்பு முடிந்தது.

அந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சுவரை ஒட்டி ஓடும் சிமெண்டுச் சாக்கடை. லோங்காங் என்றுதான் எல்லாரும் சொல்வோம். இடுப்பளவு ஆழம். ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் புகுந்து கடல் பக்கம் போய்விடும். நாங்கள் இருந்த இடத்திலிருந்து கடல் ஒன்றும் தூரமில்லை, கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். காலையில் முதலில் இரும்புக் கம்பி மூடியைத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு மேட்டுப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும், பள்ளத்திலிருந்து ஆரம்பித்தால் செய்த இடத்திலேயே மறுபடி குப்பை வந்து சேரும். இலையைத் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ள வேண்டும், சேற்றை மண்வெட்டியால் இழுக்க வேண்டும், குழாய் வாயில் மூங்கில் பிளாச்சை விட்டு ஆட்ட வேண்டும். பக்கத்தில் ஓர் அங்சனா மரம். பூக்கிற சமயத்தில் ஒரே நாளில் பூத்து, ஒரே நாளில் கொட்டிவிடும். கால்வாய் முழுக்க மஞ்சளாகக் கிடக்கும். அதைத் தள்ள எனக்கு மனசு வராது. கொஞ்ச நேரம் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். வேலை நேரத்தில் கனவு கண்டேன் என்று எழுதாதே, பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்.

கால்வாய்க்குப் பக்கத்திலேயே ஒன்றாம் வகுப்பு. கட்டடத்திலேயே தாழ்வான அறை, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அந்த அறைக்குள்தான் தண்ணீர் வரும். எல்லா நாளும் இல்லை. மாதத்தில் சில நாள், பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், சத்தமே இல்லாமல் கணுக்கால் அளவுக்கு வந்து நிற்கும். சின்னதுகள் காலைப் பெஞ்சுக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை தண்ணீரோடு ஒரு நண்டு வந்துவிட்டது, காசளவு நண்டு. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெரிய சார் வந்து பார்த்தார். மீன் பாசாரிலிருந்து யாரோ கூடையைக் கழுவிக் கொட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய சார் என்பது தலைமையாசிரியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் தாத்தா காலத்தில் கிளார்க் வேலைக்கு வந்தவர்களாம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. ஷூ என்று சொல்ல மாட்டார், சப்பாத்து என்பார். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைப் பூச்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நாம் செய்த வேலையைப் பார்ப்பார். ஜன்னல் கட்டையில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை நமக்குக் காட்டுவார். நான் அந்த விரலுக்குத்தான் பயப்படுவேன்.

அந்த வருஷம் தண்ணீர் ஓயாமல் வந்தது. ஒரு நாள் என்னைக் கால்வாய் பக்கம், அவர் பேச்சில் கான் பக்கம், கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாக்கியம், மழை பெய்யாத நாளிலயும் தண்ணி நிக்குது. அப்பிடியெண்டா கான் அடைச்சிருக்குது. நீர் துப்புரவாக்கிறன் எண்டு சொல்லுறீர். தண்ணி வேற சொல்லுது."

நியாயமாகத்தான் பேசினார். மழையும் இல்லை, தண்ணீரும் நிற்கிறது, அப்படியென்றால் அடைப்புத்தானே. நானும் அப்படித்தான் நம்பினேன். குழாய்க்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பெற்றோர் தினத்தண்டைக்கும் இந்த வகுப்பில தண்ணி நிண்டால், நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும். கோவிக்காதையும்."

வெறும் மிரட்டல் இல்லை அது. அவர் சொன்னால் செய்கிறவர். பெற்றோர் தினத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இப்போது கோமளா டீச்சரைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர், கல்லூரியிலிருந்து வந்து இரண்டாவது வருஷம். அக்கரையில் மாக் மண்டினில் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வீடு, தினமும் ஃபெரி ஏறி வருவார். ஒல்லியாக இருப்பார், ஆனால் அந்த வகுப்பிலிருந்துதான் அதிகச் சத்தம் வரும். கணக்குப் பாடம் என்றால் பிள்ளைகள் திடலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும். மற்ற டீச்சர்மார் சிரிப்பார்கள். கோமளா கிளாஸ் எப்பப் பாத்தாலும் பிக்னிக்தான் என்பார்கள்.

ஒரு நாள் ஒன்றாம் வகுப்பில் தண்ணீர் நின்றபோது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். தேவகி என்று ஒரு பெண். அவள் அப்பாவும் துறைமுகத்து ஆள்தான். இரட்டைச் சடை, எப்போதும் காதுக்குப் பின்னால் பென்சில். அவள்தான் கேட்டாள், மழையே இல்லையே, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. டீச்சர் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிப் பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருக்கலாம். "எனக்குத் தெரியலையே, கண்டுபிடிப்போமா?" என்றார். இந்தக் காதால் கேட்டேன். தெரியாது என்று ஒரு டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகக் கேட்டேன்.

பெரிய சாரிடம் அனுமதி வாங்கினார்கள். தினமும் பள்ளி விடுவதற்கு முன் அரை மணி நேரம், பெற்றோர் தினம் வரைக்கும். அதற்குப் பிறகு பழைய மாதிரி பாடம் நடத்த வேண்டும் என்பது பேச்சு. அவர் முகத்தில் ஒரு விருப்பமும் இல்லை.

என்ன செய்தார்கள் என்றால், தினமும் பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பிள்ளைகள் கால்வாய்க்கு வரும். தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறதோ அங்கே சுவரில் கலர் மெழுகுக் குச்சியால் ஒரு கோடு. மெழுகு தண்ணீரில் போகாது இல்லையா. கோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதும். தேதியாம். ஆறு வாரம் ஆனதும் எல்லாக் கோட்டையும் பார்த்து ஒரு பெரிய அட்டையில் படம் போடுவதாக யோசனை. ஐந்து வாரம் போட்டார்கள்.

எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை சுமதி. அந்த அரை மணி நேரம் முன்கட்டில் கழிப்பறை கழுவுவேன். கழுவிவிட்டு வருவதற்குள் அதுகள் போயிருக்கும். நான் கால்வாயில் இறங்கும்போது சிவப்பும் பச்சையுமாகக் கோடுகளைப் பார்ப்பேன். பிள்ளைகள் கிறுக்கல், எங்கேதான் கிறுக்கவில்லை அதுகள். எழுத்து தெரிந்தவளாக இருந்தால் தேதியைப் படித்திருப்பேன், இதில் என்னவோ இருக்கிறது என்று சந்தேகம் வந்திருக்கும். எனக்கு எல்லாமே கோடுதான்.

பெற்றோர் தினத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய சார் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று வந்து, மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக்கச் சொன்னார். கால்வாய்ச் சுவர்ப் பக்கம் விரலை நீட்டினார். அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் சலவைச் சோடாவும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மெழுகு சுலபத்தில் போகவில்லை. மூன்று மணி நேரம் தேய்த்தேன். முடிந்ததும் மேலே ஏறி நின்று பார்த்தால் சுவர் புதுச் சட்டி மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போது அந்த விரலைக் கொண்டு வரட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம் தேவகியும் இன்னொரு பிள்ளையும் வந்தார்கள். நான் அன்றைக்குப் பார்த்து அங்கேதான் வாளியோடு நின்றேன், யாராவது சுவரைப் பார்த்து மெச்ச மாட்டார்களா என்று. தேவகி குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, ஓடவுமில்லை, அப்படியே நின்றாள். கூட வந்தவள்தான் ஓடிப்போய் டீச்சரைக் கூட்டி வந்தாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் வந்தது. ஆறாம் வகுப்புப் பையன்கள்தான் அழித்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ போய் ஒருவன் சட்டையையும் பிடித்துவிட்டார்கள்.

எதற்கு அந்தக் கோடு என்று டீச்சர் ஒன்றிரண்டு வார்த்தையில் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் ஏன் வருகிறது என்று தெரிந்தால் யாருக்கு லாபம்? எனக்கு. என் வேலைக்காக வைத்திருந்த சாட்சியை நானே சோடா போட்டுத் தேய்த்திருக்கிறேன். அந்தப் பையன் சட்டையை வேறு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"டீச்சர், அவன விட்டுறச் சொல்லுங்க. நான்தான் தேய்ச்சேன். கிறுக்கல்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

டீச்சர் கால்வாய் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், நல்ல சேலை. திட்டப் போகிறார் என்று நான் நின்றேன்.

"அக்கா மேல தப்பு இல்ல" என்றார், பிள்ளைகளைப் பார்த்து. "செவுத்தையே நோட்டா வெச்சிக்கிட்டு, நோட்ல ஒரு வரி எழுத வெக்காம விட்டது நானு. நம்ம லோங்காங்ல தெனமும் எறங்குறவங்க யாரு? அவங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னமா? கேட்டமா?"

அதற்குள் ஒரு பிள்ளை, எல்லாரும் ஞாபகத்தில் இருக்கிறபடி மறுபடி கோடு போட்டுவிடலாமே என்றது. டீச்சர் தலையை ஆட்டினார். அளக்காமல் போடுகிற கோடு பொய்க் கோடு, பெரிய சாருக்கு அதைக் காட்டக் கூடாது என்றார். மறுநாளிலிருந்து புதிதாக அளப்போம், போன ஐந்து வாரத்தை அட்டையில் காலியாக விடுவோம், ஏன் காலி என்றும் எழுதுவோம் என்றார். சுமதி, அந்த வார்த்தையை நீ பெரிய எழுத்தில் போட்டாலும் தப்பில்லை. மூன்று வாரத்தில் என்ன தெரியும் என்று பிள்ளைகள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. எனக்கு அதுகளைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் இடைவேளையில் நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தேவகி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் அனுப்பியிருந்தார். எந்தெந்த நாள் தண்ணீர் நிறைய வந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எனக்குத் தேதியெல்லாம் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், வயித்துல ஒன்னுமில்லாத அன்னிக்குப் பாத்துதான் இந்த லோங்காங் என்னையப் போட்டு வாட்டும்."

"ஏன்க்கா வயித்துல ஒன்னுமில்ல?"

"அமாவாச லா. எங்க வீட்டுக்காரருக்கு வெரதம். பௌர்ணமிக்கு அம்மனுக்கு. ரெண்டு நாளும் கால நனைக்காம விட்டதில்ல இந்தத் தண்ணி. மறுநாளும் விடாது, அதுக்கு மறுநாளும் விடாது. அப்புறம் ஒரு வாரம் ஆளக் காணோம்."

நான் அலுப்பில் சொன்னது அது. வருஷக்கணக்காக அலுத்துக்கொண்டிருந்தேன். சாமிக்குக்கூட என் மேல் இரக்கமில்லை என்றுதான் நினைத்தேனே தவிர, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. தேவகி எழுதுவதை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து ஆபீஸ் பக்கம் ஓடினாள். அங்கே தமிழ் நாள்காட்டி தொங்கும், அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் போட்டிருக்குமே, அதைப் பார்க்க.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும், இதுவும் ஒரு கேள்வியா, நாங்கள் பலகை போடுவதே அதைப் பார்த்துத்தானே என்றாராம். கடல் எந்த நாள் எந்த மணிக்கு எவ்வளவு ஏறும் என்று அச்சடித்த தாள் துறைமுகத்து ஆபீசில் இருக்குமாம், அதில் ஒன்று கேட்டு வாங்கிக் கொடுத்தும் விட்டார். பார் சுமதி, கடல் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் நாலு தெருதான்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கால்வாய்த் தண்ணீரைத் தகரத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். வற்றினதும் தட்டில் வெள்ளையாக உப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீரில் நின்று வீட்டுக்குப் போனால் என் காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருக்கும். சோடா என்று நினைத்துக் கழுவிவிடுவேன். இத்தனை வருஷம் கடலைக் காலில் பூசிக்கொண்டு நடந்திருக்கிறேன். அட்டையில் இரண்டு பக்கம் பிரித்தார்கள். ஒரு பக்கம் 'நாங்கள் அளந்தது', நீல மையில். மற்றப் பக்கம் 'பாக்கியக்கா சொன்னது', பச்சை மையில். இரண்டையும் கலக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பு. என் பெயரை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதுதான் நீங்க என்று தேவகி விரலை வைத்துக் காட்டினாள். அந்த அட்டையைத் தினமும் துடைத்தேன், துடைக்கவே தேவையில்லாவிட்டாலும்.

அட்டையை எடுத்துக்கொண்டு டீச்சர் தேவகியோடு பெரிய சாரிடம் போனார். நான் வாசலில் தண்ணீர்க் கூஜாவோடு நின்றேன். அவர் நிதானமாகப் படித்தார். "சந்திரனுக்கும் ஒண்டாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம், மிஸ்?" என்றார். கால்வாய் அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும், அடைப்பு இல்லை என்று இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். அந்த மனுஷனிடம் அதுதான் கஷ்டம்.

பதில் சொன்னது தேவகி. துறைமுகத்துத் தாளைப் பார்த்தால், பெற்றோர் தினம் அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், அந்த மாதத்திலேயே பெரிய தண்ணீர் அன்றைக்குத்தான். காலையில் பாக்கியக்கா கால்வாயைச் சுத்தம் செய்யட்டும், சார் வந்து பார்க்கட்டும். சுவரில் நாங்கள் முன்னாலேயே ஒரு சிவப்புக் கோடு போட்டு வைக்கிறோம். மழை இல்லாமல், அடைப்பு இல்லாமல், பன்னிரண்டரைக்குத் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்தால் அது கடல். வராவிட்டால் நாங்கள் சொன்னது தப்பு.

பெரிய சார் சம்மதித்தார். தப்பென்றால் அடுத்த நாளிலிருந்து ஐந்தாம் வகுப்பில் புத்தகமும் பலகையும் மட்டும்தான் என்றார்.

என் நிலைமையைப் பார். தண்ணீர் வராமல் போனால் ஒன்றாம் வகுப்பு காய்ந்து கிடக்கும், என் வேலை தங்கும், டீச்சர் தலை குனிய வேண்டும். தண்ணீர் வந்து, கோட்டுக்கு மேலேயோ கீழேயோ எங்கேயாவது நின்றுவிட்டால் என் வேலையும் போகும், டீச்சர் பேரும் போகும். அமாவாசையன்று விளக்கு ஏற்றிவிட்டு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், வரட்டும், சரியாக வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் வராதே வராதே என்று வேண்டினவள்.

பெற்றோர் தினத்தன்று வெயிலில் கண் கூசியது. விடிகாலையிலேயே போய்க் கம்பி மூடிகளைத் தூக்கி வைத்து, மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரு துரும்பு விடாமல் தள்ளினேன். பெரிய சார் வந்தார். குழாய் வாயில் மூங்கில் பிளாச்சை என் கையிலிருந்து வாங்கி அவரே விட்டுப் பார்த்தார். முழுக்க உள்ளே போய் வந்தது. பிளாச்சை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு, திடலில் போட்ட கூடாரத்தில் இருந்த அம்மா அப்பாமாரையெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கால்வாய் பக்கம் கூட்டி வந்தார்கள். தேவகி நோட்டோடு கோட்டுக்கு நேராக உட்கார்ந்தாள். இந்தத் தடவை நோட்டு. கால்வாய் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. யார் வீட்டு அம்மாவோ குடையை விரித்தாள். மரத்திலிருந்து ஒரு மஞ்சள் பூ சுற்றிச் சுற்றி இறங்கிக் கால்வாய்த் தரையில் விழுந்தது. நான் பழக்கத்தில் விளக்குமாற்றை எடுக்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அந்தப் பூ அசைந்தது. காற்றே இல்லை. பூ கடல் பக்கம் போகவில்லை சுமதி, எங்களைப் பார்த்து வந்தது. அதற்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு தண்ணீர், ரோட்டுக்கு அடியிலிருந்து, மேட்டைப் பார்த்து, சத்தமே போடாமல் ஏறி வந்தது. வானத்தையும் கூடவே கொண்டு வந்தது. பூ அந்த வானத்தில் உட்கார்ந்து மெதுவாக எங்களைத் தாண்டிப் போயிற்று. எத்தனையோ வருஷம் அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறேன், அது வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி இருந்தது. யாரையும் தள்ளாமல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற மாதிரி.

ஏறி ஏறி, சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. தேவகி நோட்டில் எழுதிக்கொண்டே, "ஒரு வெரல் கொறவு சார்" என்றாள். மறைக்கவில்லை அவள். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

பெரிய சாரின் வெள்ளைச் சப்பாத்தைச் சுற்றியும் தண்ணீர். அவர் நகரவில்லை. "நாளைக்கும் வருமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"வரும் சார். நாளைக்கு ரெண்டு வெரல் கொறவா."

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி அதற்குள் வைத்தார். கால்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குள் இறங்கினார். ஒரு பெஞ்சின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாக்கியம், மற்றப் பக்கத்தைப் பிடியும்."

அன்றைக்கே ஒன்றாம் வகுப்பு மாடி நூலக அறைக்குப் போயிற்று. அப்பாமாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மேசை தூக்கினார்கள். வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வோர் அமாவாசையும் காலையில் என்னைத் தாண்டிப் போகும்போது, "இண்டைக்கு நீர் சாப்பிடமாட்டீர், நான் சப்பாத்துப் போடமாட்டன்" என்பார். ரப்பர் செருப்புத்தான் போட்டிருப்பார். கோமளா டீச்சர் வகுப்பில் சத்தம் குறையவில்லை. மற்ற டீச்சர்மார் இரண்டு பேர்கூட அவரிடம் வந்து எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னது, நோட்டிலும் எழுத வையுங்கள், கூட்டுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள் என்று. நீயும் அதை முதலில் செய். பாடம் எப்படியோ முடிந்துவிடும்.

எனக்கு இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பலகை. கடல் ஏறினால் தோணியும் ஏறும், பலகை சமமாக நிற்கும். கடல் இறங்கினால் பலகை செங்குத்து. யாரும் கோணலாகப் போடவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு பொட்டலத்தோடு வந்த நாளெல்லாம் கடல் ஏறின நாள். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை.

மணி என்ன அங்கே? பதினொன்றே முக்காலா? போதும், நோட்டை மூடு. நான் எழுந்திருக்க வேண்டும். அவருக்குப் படைக்கிற இலையைக் கழுவவில்லை, இந்தக் காயை வேறு இன்னும் தாளிக்க வேண்டும், காக்கை அப்போதிலிருந்து ஜன்னல் கம்பியில் நடந்துகொண்டிருக்கிறது. கீழே தண்ணீர் ஏறுகிற நேரம். பலகை சமமாக இருக்கும், மனுஷன் சீக்கிரம் வந்துவிடுவார்.